குறைவு என்கிறார்கள், எண் ஏன் கூடியிருக்கிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 47. கணவருடன் சிறிய காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஓராண்டாக அசதி, மலச்சிக்கல், முடி உதிர்தல். குளிரும் முன்போல் தாங்க முடியவில்லை. மலையில் இருப்பதால்தான் என்று விட்டுவிட்டேன். பிப்ரவரியில் சேலத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 14.2, டி4 6.8 என்று வந்தது. தைராய்டு குறைவு என்று சொல்லி 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து நானாகவே பார்த்தேன், 11.6 இருந்தது. மாத்திரை கேட்கவில்லை என்று நினைத்து, நாத்தனார் சொன்னபடி ஒன்றரையாக்கினேன். இரண்டு வாரம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் டி.எஸ்.எச். 5.3, ஆனால் டி4 1.2 ஆக இறங்கிவிட்டது. நெஞ்சு படபடத்ததால் மறுபடியும் ஒன்றாகக் குறைத்துவிட்டேன். குறைவு என்கிறார்கள், ஆனால் எண் கூடியிருக்கிறதே, அது எப்படி? குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டதால் வந்ததா? மலைத் தண்ணீரா? கல் உப்புக்கு மாறினால் சரியாகும் என்று மாமியார் சொல்கிறார். மாத்திரை போட்டுப் பழகினால் சுரப்பி சோம்பேறியாகிவிடும் என்கிறார்களே? சென்ற தையில் மகளுக்குத் திருமணம் ஆனது. அவளுக்கும் பார்க்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் மிகச் சரியான கேள்வி, குறைவு என்று சொல்லிவிட்டுத் தாளில் கூடுதலான எண்ணைக் காட்டுகிறார்களே என்பதுதான். ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் மஞ்சள் பையில் ஆய்வறிக்கைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருகிறவர்களில் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அதைக் கேட்காமல், "தைராய்டு 14 இருக்கிறது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். 14 இருப்பது தைராய்டு அன்று. டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் சுரப்பதே இல்லை. அது மூளையின் அடியில் பயறு அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து தைராய்டுக்கு அனுப்பப்படும் ஆணை. மேட்டூர் அணையிலிருந்து வெளியேறும் நீரின் அளவு ஒன்று. தண்ணீர் போதவில்லை என்று பாசனப் பகுதியிலிருந்து வந்து குவியும் மனுக்களின் எண்ணிக்கை வேறொன்று. வாய்க்காலில் நீர் குறையக் குறைய மனுக்கள் கூடும். உங்கள் தாளில் உள்ள 14.2 மனுக்களின் எண்ணிக்கை. சுரப்பி கொடுப்பது போதவில்லை என்பதால்தான் அந்த எண் கூடியிருக்கிறது.

இந்த ஒன்று மனத்தில் நின்றுவிட்டால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் அதற்கு முன், சுரப்பி என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குச்சிக்கிழங்கு, உப்பு, மாத்திரை ஆகிய மூன்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலை இரு பக்கமும் அணைத்தபடி இருக்கும் தைராய்டு சுரப்பியின் எடை பெரியவர்களுக்கு ஏறத்தாழ 15 முதல் 25 கிராம். நுண்ணோக்கியில் பார்த்தால் அது எண்ணற்ற நுண்பைகளின் தொகுப்பாகத் தெரியும்; ஒவ்வொரு பையின் சுவரும் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது, உள்ளே பாகு போன்ற கூழ்மம் நிரம்பியிருக்கும். சுரப்பிக்கு வேண்டிய மூலப்பொருள்கள் இரண்டு. ஒன்று, நாம் உணவில் உண்ணும் அயோடின். மற்றொன்று, டைரோசின் என்னும் அமினோ அமிலம். டைரோசினை உடலே தயாரித்துக்கொள்ளும். அயோடினைத் தயாரிக்க முடியாது, வெளியிலிருந்து வந்தே தீர வேண்டும். ரத்தத்தில் மிகச் சொற்பமாக ஓடிக்கொண்டிருக்கும் அயோடினைச் சுவர்ச் செல்களில் உள்ள ஒரு புரதம் இறைத்து உள்ளே சேர்க்கிறது. இந்த இறைப்பின் பலத்தால் சுரப்பிக்குள் அயோடினின் செறிவு ரத்தத்தில் இருப்பதைப் போல் 20 முதல் 40 மடங்கு வரை உயர்கிறது. உடலிலுள்ள மொத்த அயோடின் 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் முக்கால் பங்கு இந்தச் சிறு சுரப்பிக்குள் அடங்கியிருக்கிறது.

உள்ளே வந்த அயோடின் கூழ்மத்தின் ஓரத்துக்குச் செல்கிறது. அங்கே தைரோகுளோபுலின் என்னும் பெரிய புரதம் காத்திருக்கிறது. அதன் நீண்ட சங்கிலியில் ஆங்காங்கே டைரோசின்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. தைராய்டு பெராக்ஸிடேஸ் என்னும் நொதி, ஹைட்ரஜன் பெராக்ஸைடின் துணையோடு, அந்த டைரோசின்களில் அயோடினைப் பதிக்கிறது. சிலவற்றில் ஓர் அணு, சிலவற்றில் இரண்டு. பிறகு அதே நொதி அவற்றை இரண்டிரண்டாக இணைக்கிறது. இரண்டு அணுக்கள் உள்ளவை இரண்டு சேர்ந்தால் நான்கு அயோடின் கொண்ட டி4, அதாவது தைராக்சின். ஒன்று உள்ளதும் இரண்டு உள்ளதும் சேர்ந்தால் மூன்று அயோடின் கொண்ட டி3. டி4, டி3 என்ற பெயர்களில் உள்ள எண்கள் இந்த அணுக்களின் கணக்குதான்.

ஹார்மோன் உருவான உடனே ரத்தத்துக்குப் போய்விடுவதில்லை என்பதுதான் இந்தச் சுரப்பியின் தனித்தன்மை. அது புரதத்தோடு ஒட்டியபடியே கூழ்மத்தில் தங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மாதங்களுக்குத் தேவையான இருப்பு எப்போதும் அங்கே இருக்கும். நம் உடலில் வேறெந்த நாளமில்லாச் சுரப்பியும் இவ்வளவு பெரிய இருப்பு வைத்திருப்பதில்லை. வரத்து நின்ற மறுநாளே மேட்டூர் அணை வறண்டுவிடாதது போல, ஒரு மாதம் அயோடின் குறைந்த உணவை உண்டாலும் உடல் சமாளித்துக்கொள்ளும். டி.எஸ்.எச். ஆணை வந்ததும் சுவர்ச் செல்கள் கூழ்மத்தைச் சொட்டுச் சொட்டாக விழுங்கி, புரதத்தைச் செரித்து, டி4-ஐயும் சிறிதளவு டி3-ஐயும் ரத்தத்தில் விடுகின்றன. இணையாமல் எஞ்சிய துண்டுகளிலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியையும் வீசாமல் வைத்திருந்து வெள்ளியை மீட்பார்கள் அல்லவா, அதே சிக்கனம் இங்கேயும் உண்டு.

சுரப்பி நாளொன்றுக்கு வெளியிடும் டி4 ஏறத்தாழ 80 முதல் 100 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடையோடு ஒப்பிட்டாலும் இது ஒன்றுமே இல்லை. இந்த டி4-ஐ 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று எட்வர்ட் கெண்டல் முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவே முழு ஹார்மோன் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1952-இல் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் டி3-ஐக் கண்டறிந்த பிறகுதான், செல்லுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் டி3 என்பதும், டி4 அதன் முன்நிலை என்பதும் தெளிவாயின. காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. டி4 பச்சைக் கொட்டை; கெடாது, மூட்டையில் நெடுநாள் இருக்கும், எவ்வளவு தூரமும் அனுப்பலாம், ஆனால் அதில் டிகாஷன் இறங்காது. டி3 வறுத்த கொட்டை. உடலில் உள்ள டி3-இல் ஐந்தில் நான்கு பங்கு சுரப்பியிலிருந்து வருவதில்லை. கல்லீரல், சிறுநீரகம், தசை, மூளை என்று ஒவ்வோர் உறுப்பும் பச்சைக் கொட்டையை வாங்கித் தனக்கு வேண்டிய அளவு வறுத்துக்கொள்கிறது. செலினியம் கொண்ட சில நொதிகள் டி4-இல் உள்ள நான்கு அயோடின் அணுக்களில் ஒன்றைக் கழற்றிவிடுவதுதான் அந்த வறுப்பு. உட்புறத்து அணுவைக் கழற்றினால் பயனற்ற வேறொரு பொருள் கிடைக்கும். கடுமையான காய்ச்சலிலும் பட்டினியிலும் உடல் வேண்டுமென்றே அந்த வழியைக் கூட்டி, டி3-ஐக் குறைத்து, எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. அதனால்தான் டெங்கு போன்ற காய்ச்சலில் படுத்திருக்கும்போது தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது. தக்க காரணமின்றி அப்போது எடுக்கும் முடிவு குழப்பத்தைத்தான் தரும்.

வறுத்த டி3 செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றுகிறது. இதயத் துடிப்பின் வேகம், குடலின் அசைவு, உடல் வெப்பம், முடியின் வளர்ச்சி, கொழுப்பு கரையும் வேகம் எல்லாவற்றிலும் அதன் கை இருக்கிறது. உங்கள் அசதிக்கும் மலச்சிக்கலுக்கும் குளிர் தாங்காமைக்கும் காரணம் ஒன்றாக இருக்கக்கூடியது இதனால்தான். ஏற்காட்டில் யாருக்கும் குளிரத்தான் செய்யும். ஆனால் அங்கேயே பல ஆண்டுகள் இருந்தவருக்குத் திடீரென்று முன்னைவிடக் குளிர்ந்தால் அதற்கு மலையைக் குறை சொல்வது சரியாகாது.

இனி, கட்டுப்பாடு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, மூன்றே அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. அதன் அமைப்பைக் கண்டறிய ரோஜர் கிய்மாங், ஆண்ட்ரூ ஷாலி ஆகியோரின் குழுக்கள் லட்சக்கணக்கான ஆடுகள், பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்துப் பிரித்து, 1969-இல் விடை கண்டன. 1977-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தூண்டப்பட்ட பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐச் சுரக்கிறது, டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டுகிறது, தைராய்டு விடும் டி4, டி3 இரண்டும் ரத்தத்தில் கூடினால் அவையே திரும்பிப் போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்குகின்றன. ஹார்மோன் கூடினால் ஆணை குறையும், ஹார்மோன் குறைந்தால் ஆணை கூடும். ஆணையின் இந்த ஏற்ற இறக்கம் சமவீதத்தில் நடப்பதில்லை. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கு கூடுவதில்லை. நூறு மடங்கு வரைகூடக் கூடலாம். பிட்யூட்டரி அவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறது. ஆகவே டி4 இன்னும் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே, உங்களுக்கு எது இயல்போ அதிலிருந்து அது சற்று இறங்கிவிட்டது என்பதை டி.எஸ்.எச். காட்டிக்கொடுத்துவிடுகிறது. டி4 6.8, டி.எஸ்.எச். 14.2 என்ற உங்கள் முதல் அறிக்கை சொல்வது அதைத்தான். டி.எஸ்.எச். பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இருக்கும். அது 10-ஐத் தாண்டி, அறிகுறிகளும் இருக்கும்போது மாத்திரை தொடங்குவதே வழக்கம். உங்கள் மருத்துவர் செய்தது சரி.

டி4 6.8-இலிருந்து 1.2-க்கு இறங்கிவிட்டதாக நீங்கள் அஞ்சியது வீண் அச்சம். இரண்டும் ஒரே பரிசோதனை அன்று. ரத்தத்தில் ஓடும் டி4-இல் 99.97 சதவீதம் புரதங்களைப் பற்றிக்கொண்டு செல்கிறது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் பிடிப்பின்றித் திரிகிறது, அதுதான் செல்லுக்குள் போகக்கூடியது. முதல் ஆய்வகம் பற்றியிருப்பதையும் சேர்த்து மொத்த டி4-ஐ மைக்ரோகிராமில் சொல்லியிருக்கிறது. இரண்டாவது ஆய்வகம் பிடிப்பில்லாத டி4-ஐ மட்டும், அதைவிட ஆயிரம் மடங்கு சிறிய அலகான நானோகிராமில் சொல்லியிருக்கிறது. 'ஃப்ரீ டி4' என்று அந்தத் தாளில் அச்சிட்டிருக்கும், பாருங்கள். இரண்டு எண்களும் அவற்றுக்குரிய இயல்பு எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஒரே சொல்லை வைத்து இரண்டு வெவ்வேறு அளவுகளை எழுதி நோயாளியின் கையில் கொடுத்துவிடுவது எங்கள் துறையின் குறைதான், உங்கள் பிழையன்று.

உங்கள் பிழை வேறிடத்தில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சேரும் டி4-இல் பாதி கரைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆகையால் தினமும் ஒரே அளவில் மாத்திரை போட்டாலும், ரத்தத்தில் அதன் அளவு ஏறி ஒரு நிலைக்கு வந்து நிற்க ஐந்தாறு வாரங்கள் ஆகும். நெடுநாள் கூவிக்கொண்டிருந்த பிட்யூட்டரி அதை உணர்ந்து அடங்க இன்னும் சில நாள்கள் பிடிக்கலாம். மதகைத் திறந்த மறுநாளே கடைமடையில் நீர் வந்துவிட்டதா என்று பார்த்தால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். பன்னிரண்டாம் நாள் 11.6 என்று வந்தது மாத்திரை கேட்கவில்லை என்பதற்கு அடையாளம் அன்று. பாதி வழியில் எடுத்த படம் அது. பிறகு ஒன்றரையாக்கியதும் மீண்டும் ஒன்றாக்கியதும் சேர்ந்து, 5.3 என்ற எண்ணை எந்த அளவு மாத்திரைக்கு உரியது என்றே சொல்ல முடியாதபடி ஆக்கிவிட்டன. இப்போது செய்ய வேண்டியது, உங்கள் மருத்துவரைப் பார்த்து நடந்ததை மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் ஒரே அளவை ஆறு முதல் எட்டு வாரம் மாற்றாமல் போட்டுவிட்டு, அதன் பிறகு ஒருமுறை பார்ப்பதுதான். அதே ஆய்வகம், காலை வேளை, அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பின் போடுங்கள். நள்ளிரவுக்குப் பின் உச்சத்தில் இருக்கும் டி.எஸ்.எச். பிற்பகலில் தாழ்ந்துவிடும், எனவே காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிடக் கூடாது. முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு நாள் முன்னதாக நிறுத்துங்கள்; சில ஆய்வுக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

படபடப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டி.எஸ்.எச். 5.3 இருக்கும்போது ஹார்மோன் மிகுந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. என்றாலும் ஒரே தாவலில் கூட்டிய அளவு சிலருக்கு இதயத்தை உறுத்தும். ரத்தசோகையும் மனக்கலக்கமும்கூட இதே படபடப்பைத் தரும். அது தொடர்ந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தாலோ, தைராய்டு அறிக்கைக்காகக் காத்திராமல் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: மாத்திரையை எதனோடு போடுகிறீர்கள்? காப்பித் தோட்டத்து வீட்டில் விடிந்ததும் என்ன நடக்கும் என்பதை நான் ஊகிக்க முடியும். 2008-இல் இத்தாலிய மருத்துவர்கள், மாத்திரையோடு காப்பி குடித்தவர்களின் குடல் தைராக்சினைச் சரியாக உறிஞ்சவில்லை என்பதை எடுத்துக்காட்டினார்கள். எழுந்தவுடன் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அரைமணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. உங்கள் வயதில் பலர் கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார்கள். அவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போயும் எண் இறங்காத பலரிடம், அளவைத் தொடாமல் இந்த இடைவெளியை மட்டும் சரிசெய்ததிலேயே எண் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

குச்சிக்கிழங்குக்கு வருவோம். உங்கள் சந்தேகம் அடியோடு ஆதாரமற்றது அன்று. மரவள்ளியில் லினமரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். உடல் அந்தச் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. தயோசயனேட்டின் வடிவம் அயோடினுக்குப் போட்டியாக அமைந்திருப்பதால், நான் மேலே சொன்ன இறைக்கும் புரதத்தை அது ஏமாற்றிவிடும். சுரப்பிக்குள் அயோடின் போவது குறையும். ஆப்பிரிக்காவில், காங்கோவின் சில பகுதிகளில், மரவள்ளியே முழு உணவாகவும் மண்ணிலும் நீரிலும் அயோடின் மிகக் குறைவாகவும் இருந்த ஊர்களில், முன்கழுத்துக் கழலை பரவலாகக் காணப்பட்டது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த நிலை. அயோடின் போதுமான அளவு கிடைத்துவிட்டால் இறைக்கும் புரதம் போட்டியில் தோற்பதில்லை. நம் மாவட்டத்தில் கிழங்கைத் தோல் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்கிறோம். லினமரினில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். சேகோ ஆலைகளில் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவைத்து, பலமுறை நீர் மாற்றி, வறுத்து எடுப்பதால் ஜவ்வரிசியில் அந்தக் கவலையே வேண்டாம். வாரம் இரண்டு முறை அவித்த கிழங்கும் தேங்காயும் சாப்பிட்டதால் உங்கள் டி.எஸ்.எச். 14 ஆகவில்லை. முட்டைக்கோசுக்கும் இதே விடைதான். உங்கள் வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அந்தப் புகையிலும் சயனைடு உண்டு என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். கிழங்கை விலக்குகிறவர்கள் அதை விலக்குவதில்லை.

மலைத் தண்ணீர் என்பதிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. மலைப்பகுதி மண்ணிலிருந்து மழையும் பனிநீரும் அயோடினை அடித்துச் சென்றுவிடும் என்பது பொதுவான அனுபவம். இமயமலை அடிவாரமான காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் சகாக்களும் 1956-இல் தொடங்கிய ஆய்வில், அயோடின் சேர்த்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்துகொண்டே போனதைக் காட்டினார்கள். 1962-இல் அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியதற்கு அடிப்படை அந்த வேலைதான். ஆனால் ஏற்காட்டில் நீங்கள் உண்ணும் அரிசியும் பருப்பும் உப்பும் மலையில் விளைந்தவை அல்ல; அவை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் சேலத்திலிருந்து வந்தவை. ஆகவே உங்களுக்கு அயோடின் கிடைக்கிறதா என்பதை மலை தீர்மானிப்பதில்லை. மளிகைக் கடையில் நீங்கள் வாங்கும் உப்புப் பொட்டலம் தீர்மானிக்கிறது.

அதனால்தான் உங்கள் மாமியாரின் யோசனையை நான் ஏற்கவில்லை. பெரியவர்கள் சொல்லும் பலவற்றில் அனுபவம் இருக்கும், இதில் இல்லை. உண்ணுவதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருந்தும், 2018-19-இல் நாடு தழுவி நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் தமிழ்நாடு கடைசி இடத்தில், ஏறத்தாழ 62 சதவீதத்தில் நின்றது. உப்பளங்கள் நிறைந்த மாநிலத்தில், சாக்கில் வரும் கல் உப்பு எளிதாகக் கிடைப்பது ஒரு காரணம். கல் உப்பின் சுவைதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கடைகளில் உண்டு. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். இந்துப்பு அதற்கு மாற்று ஆகாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். பாலும் முட்டையும் மீனும் அதில் ஒரு பங்கைத் தருகின்றன. அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை, இரத்த அழுத்தம்தான் கூடும். கடற்பாசி மாத்திரைகளையும் தொடாதீர்கள். அயோடின் திடீரென்று மிகுந்தால் சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதையே சிறிது காலம் நிறுத்திக்கொள்ளும் என்பது 1948-லேயே வுல்ஃப், சைகாஃப் இருவரும் காட்டியது. நலமான சுரப்பி சில நாள்களில் மீண்டுவிடும், நலிந்த சுரப்பி மீளத் தடுமாறும்.

அப்படியானால் உங்கள் சுரப்பி ஏன் நலிந்தது? பெரும்பாலும் ஹாஷிமோட்டோ நோயாகத்தான் இருக்கும். 1912-இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்த இந்த நிலையில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. நடுவயதுப் பெண்களிடம் அதிகம். அயோடினைப் பதிக்கும் அந்த நொதிக்கு எதிராக ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும். அதை அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை. எதிர்ப்பொருளின் அளவு ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து மாத்திரையை மாற்றுவதில்லை.

சோம்பேறித்தனம் பற்றி: வெளியிலிருந்து தைராக்சின் வந்தால் மனுக்கள் குறையும், அதனால் சுரப்பி தன் பங்கைச் சற்றுக் குறைத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் நலமான சுரப்பியாக இருந்தால், மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் பிட்யூட்டரியும் தைராய்டும் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். ஹாஷிமோட்டோவில் சுரப்பி வேலை செய்யாமல் போவது மாத்திரையால் அன்று, நோயால். மாத்திரை போடாவிட்டாலும் அது நலிந்துகொண்டுதான் இருக்கும். மாத்திரையில் இருப்பது உங்கள் சுரப்பி செய்யும் அதே டி4 மூலக்கூறு என்பதால், அதை மருந்து என்பதைவிடப் பற்றாக்குறையை நிரப்புவது என்பதே பொருத்தம். பிரசவத்துக்குப் பின்னும் சில வகை வீக்கங்களிலும் வரும் குறைவு தற்காலிகமானது; உங்களுடையது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதற்குமானதாக இருக்கும்.

மகளுக்கு அவசியம் பாருங்கள். இந்த நோய் குடும்ப வழியில் வருவதுண்டு. கருவில் உள்ள குழந்தையின் தைராய்டு 10 முதல் 12 வாரங்களில்தான் அயோடினைச் சேர்க்கத் தொடங்குகிறது. போதுமான அளவு ஹார்மோனைத் தானே சுரக்க 18 முதல் 20 வாரங்கள் ஆகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய டி4 முழுவதும் தாயின் ரத்தத்திலிருந்தே போக வேண்டும். அதே வேளையில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் டி4-ஐப் பற்றிக்கொள்ளும் புரதமும் கூடும். ஆகவே கர்ப்ப காலத்தில் தாயின் சுரப்பி முன்பைவிட ஏறத்தாழ பாதியளவு அதிகம் உழைக்க வேண்டியிருக்கும், அயோடின் தேவையும் 250 மைக்ரோகிராமாக உயரும். இத்தகைய கூடுதல் சுமையைத் தாங்காத சுரப்பி அந்த மாதங்களில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கரு உண்டாகும் முன்பே டி.எஸ்.எச். ஒருமுறை பார்த்துக்கொள்வதும், உண்டானது தெரிந்த வாரத்திலேயே மறுமுறை பார்ப்பதும் போதும். முதல் முறை இயல்பாக இருந்தால் மாத்திரை எதுவும் வேண்டாம். மகளிடம் சொல்லும்போது, பார்க்கப்போவது தைராய்டு அன்று, தைராய்டுக்கு வரும் மனுக்களை என்றும் சொல்லிவிடுங்கள். எண் சற்றுக் கூடி வந்தாலும் நாத்தனார் வீட்டு மாத்திரையை ஒன்றரையாக்காமல் மருத்துவரிடம் வருவார்.